வாயில்லா உயிர்களுக்கு ஒரு பெயரேடு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, பெயர் அழைக்கப்பட்டதும் குரல் கொடுத்து, செக்ரோலில் தம் பெயர் விழுந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நம் பெற்றோர் பால் வெட்டப் போனார்கள். பெயர் விழாவிட்டால் அன்றைய உழைப்பு வீண். பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்டுவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வேளையில் அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமை எய்திய பெரியவர்களையும் அறிவோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஆனால் ஏட்டில் ஏறாத சுரைக்காய் காணாமற் போனால் கேட்பதற்கு ஆளில்லை என்பதையும் நாம் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

இன்று நான் பேசப்போவது மனிதர்களின் பெயரேட்டைப் பற்றியன்று. கைவிடப்பட்ட நாய்களையும் பூனைகளையும் வைத்துக் காக்கும் விலங்குக் காப்பகம் ஒன்று, தன் கணக்கைக் குறைந்த செலவில் கணினியில் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதே என் பேச்சு. 'இது நமக்கு எதற்கு, வாத்தியாரே?' என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இதில் நமக்கும் பங்கு உண்டு.

நான் பணியாற்றுவது ஒரு தோட்டப் பள்ளியில். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்காகக் கைமாறியது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. நான்காவது மாடிக்கு அம்மி போயிற்று, சாமி படம் போயிற்று. நாய் போகவில்லை. வாசலில் கட்டிப் போட்டு வளர்த்த நாய்கள், ஆளில்லாத லயத்து வாசலிலேயே படுத்துக் கிடந்தன. என் மாணவர்கள் தங்கள் இடைவேளைச் சோற்றில் பாதியை அவற்றுக்குக் கொண்டுபோய் வைப்பதைக் கண்டேன். அதைக் கண்டபின் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்துப் பட்டணத்தில் ஓய்வு பெற்ற தாதி ஒருவர் தம் சொந்த நிலத்தில் ஒரு சிறு காப்பகம் நடத்திவந்தார். எல்லாரும் அவரை மிஸ்ஸியம்மா என்றே அழைப்பார்கள். நாய்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே உதவிக்குப் போகலானேன்.

காப்பகத்தின் கணக்கு மூன்று நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. ஒன்று வந்தவற்றின் கணக்கு. ஒன்று மருந்துக் கணக்கு. மற்றொன்று நன்கொடைக் கணக்கு. எழுதுபவர்கள் பலர், அவரவர் மொழியில் எழுதினார்கள். ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் மலாயில், வேறொருவர் சீனத்தில். 'கறுப்பு நாய், ஆண்' என்று மட்டும் எழுதிய வரிகள் பதினொன்று இருந்தன.

ஒரு ஞாயிறு காலை, என்னிடம் ஐந்தாம் ஆண்டு படித்துவந்த ஒரு பையனும் அவன் தாயாரும் வந்தார்கள். அடுக்குமாடிக்குப் போன குடும்பம் அது. உறவினர் வீட்டில் விட்டுவைத்த தங்கள் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, இங்கே வந்ததா என்று கேட்டார்கள். நாயின் பெயர் மணி. கறுப்பு நிறம், இடது முன்காலில் மட்டும் வெள்ளை. நான் முதல் நோட்டைப் புரட்டினேன். காலில் வெள்ளை என்று எந்த வரியிலும் இல்லை. முன்பக்கக் கூண்டுகளைக் காட்டினேன். அங்கும் இல்லை. "இல்லையம்மா, இங்கே வரவில்லை" என்று சொன்னேன். "வந்தால் சொல்லுங்க, சார்" என்று சொல்லிவிட்டு அந்தத் தாயார் பையனைக் கூட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

இதன் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

நேயர்களே, காப்பகத்தில் கணக்கு என்பது வெறும் அலுவலகச் சடங்கு அன்று. அதன் வேலை மூன்று.

முதலாவது, நோயைத் தடுப்பது. பார்வோ என்ற கிருமி நாய்க்குட்டிகளைக் கொன்றுவிடும். தரையிலும் பாத்திரத்திலும் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி போட்டு, பதினாறு வாரம் நிறையும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுகிறார்கள். முப்பது குட்டிகள் வெவ்வேறு நாளில் வந்தால், எந்தக் குட்டிக்கு எந்த நாளில் அடுத்த ஊசி என்பதை எவராலும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

வெறிநாய்க்கடி நோய் இன்னும் கொடியது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கில் அந்நோய் பரவத் தொடங்கியது நமக்கு நினைவிருக்கும். ஒருவரைக் கடித்த நாய் வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றினாலும் அதைப் பத்து நாள் தனியே கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து நாளை எண்ணத் தொடங்கிய தேதி எழுதப்பட்டிருக்க வேண்டாமா? இங்கே ஒரு சொல். கடிபட்டவர் அந்தப் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வேலை, காணாமற் போன பிராணியை அதன் வீட்டாரிடம் சேர்ப்பது. மூன்றாவது, நன்கொடை தந்தவர்களுக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்வது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இயற்றப்பட்டது. பிராணியை வைத்திருப்பவர் அதன் உணவுக்கும் நலத்துக்கும் பொறுப்பாளி என்று அது சொல்கிறது. 'எத்தனை வந்தன, எத்தனை போயின, போனவை எங்கே?' என்று யாரேனும் கேட்டால் பதில் இருக்க வேண்டும். அமெரிக்காவில்கூட ஒவ்வொரு காப்பகமும் ஒவ்வொரு விதமாய்க் கணக்கெழுதி, ஒன்றோடொன்றை ஒப்பிட முடியாமல் திண்டாடினார்கள். 2004ஆம் ஆண்டில் பல அமைப்புகளின் தலைவர்கள் கலிபோர்னியாவில் அசிலோமர் என்ற இடத்தில் கூடி, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பொதுவான ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். பணக்கார நாட்டிலும் கணக்குத் தானாக ஒழுங்காகிவிடவில்லை.

சரி, கணினியில் கணக்கு வைப்பது என்றால் என்ன? தரவுத்தளம் என்ற சொல்லை உங்கள் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெயர் புதிது. செய்தி உங்களுக்குப் பழையது.

பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்தில் முனியம்மா என்ற பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். ஆகவே கிராணி பெயரை மட்டும் நம்புவதில்லை. ஆளுக்கு ஓர் எண் உண்டு. நிறை புத்தகத்திலும் அதே எண், சம்பளப் புத்தகத்திலும் அதே எண், தோட்டத்து மருத்துவமனைப் புத்தகத்திலும் அதே எண். பெயர், ஊர், வயது ஆகியவை ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். மற்றப் புத்தகங்களில் எண் போதும். எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஓர் ஆளைப் பற்றிய எல்லாச் செய்தியும் கைக்கு வந்துவிடும்.

கணினித் தரவுத்தளமும் இதுதான். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் என்ற அறிஞர், செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, எண் போன்ற ஒரு பொது அடையாளத்தால் இணைக்கும் முறையை 1970ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். வங்கிக் கணக்கு முதல் மருத்துவமனைச் சீட்டுவரை இன்று பெரும்பாலும் அந்த முறையில்தான் ஓடுகின்றன. காப்பகத்தில் பிராணிக்கு ஓர் அட்டவணை, ஊசிக்கு ஓர் அட்டவணை, கொண்டுவந்தவர்க்கும் எடுத்துச் சென்றவர்க்கும் ஓர் அட்டவணை. மூன்றையும் கட்டும் கயிறு அந்தப் பிராணியின் எண்.

இப்போது அந்த மணியின் கதைக்குத் திரும்புகிறேன். அந்தத் தாயார் வந்துபோன மூன்றாவது வாரம், நோட்டுகளைக் கணினியில் ஏற்றலாம் என்று முடிவு செய்தோம். ஏற்றுவதற்கு முன்பு ஒரு பிரட்டு நடத்திப் பார்ப்போம் என்றேன். நானும் இரண்டு மாணவர்களும் கூண்டு கூண்டாக நாய்களை எண்ணினோம். ஏட்டில் தொண்ணூற்று நான்கு. கூண்டில் எண்பத்தேழு. ஏழு நாய்களுக்குக் கணக்கில்லை. மருந்து நோட்டை எடுத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். அதில் 'ராஜா' என்று ஒரு பெயர். வந்தவற்றின் ஏட்டில் ராஜாவே கிடையாது. மருந்து கொடுத்த பையனைக் கேட்டோம். "கறுப்பு நாய், சார். முன்காலில் மட்டும் வெள்ளை. காய்ச்சலோடு வந்தது. பின்னால் நோய்க் கூண்டில் வைத்திருந்தோம். அது செத்து இரண்டு வாரமாகிறது" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தாயும் பிள்ளையும் வந்த ஞாயிற்றுக்கிழமை அது உயிரோடிருந்தது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பதடி தொலைவில் இருந்தது. பார்த்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நோய் கடுமை. ஆனால் அது தன் வீட்டாரின் குரலைக் கேட்டிருக்கும். இல்லை என்று சொன்னவன் நான். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் சோம்பியிருக்கவும் இல்லை. மூன்று ஏடுகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. அவ்வளவே குற்றம். அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பையன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

ஆகவே மென்பொருள் தேடத் தொடங்கினோம். கணினியைக் கொண்டு ஒரு வேலையைச் செய்ய எழுதப்படும் கட்டளைத் தொகுதிக்கு மென்பொருள் என்று பெயர். எங்களிடம் பணம் குறைவு. தேடியபோது கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி, காகிதம். ஆம், காகிதந்தான். காகிதத்தில் ஒழுங்கில்லாத கணக்கு கணினியில் ஏறினால், ஒழுங்கின்மைக்கு மின்சாரக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு பிராணிக்கு ஓர் அட்டை என்று கெட்டித் தாளில் அடித்தோம். எண், வந்த நாள், கண்டெடுத்த இடம், கொண்டுவந்தவர், ஆணா பெண்ணா, நிறம், தனி அடையாளம், மதிப்பிட்ட வயது, கூண்டு எண், ஊசி போட்ட நாள், அடுத்த ஊசி நாள், கருத்தடை நாள், வெளியே போன நாள், போன விதம். இவ்வளவே. 'எண் இல்லாமல் உள்ளே வரக்கூடாது, நாள் குறிக்காமல் வெளியே போகக்கூடாது' என்பதை எழுதிக் கதவில் ஒட்டினோம்.

இரண்டாவது படி, கணினிக் கணக்குத்தாள். எக்செல் என்று பலர் அறிந்தது இந்த வகை. 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருள் தொகுப்பில் இதே போன்ற கணக்குத்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. இருபது, முப்பது பிராணிகள் உள்ள சிறு காப்பகத்துக்கு இதுவே போதும். அடுத்த ஊசி நாளை வரிசைப்படுத்தச் சொன்னால் நொடியில் வரிசைப்படுத்தும். குறை என்னவென்றால், ஒரு நாய்க்கு ஐந்து ஊசி என்றால் ஐந்து கட்டம் வேண்டும், ஆறாவது ஊசிக்கு இடமிராது. இரண்டு பேர் தனித்தனிப் பிரதியில் எழுதிவிட்டால் எது சரி என்று தெரியாது.

மூன்றாவது படி, நாமே ஒரு தரவுத்தளம் அமைப்பது. 1992ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஆக்செஸ் இதற்குப் பேர் பெற்றது. ஆனால் அது விலை கொடுத்து வாங்க வேண்டியது. லிப்ரே ஆபிஸில் உள்ள பேஸ் என்ற பகுதி அதே வேலையை இலவசமாகச் செய்யும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் இரண்டு வாரத்தில் அமைத்துத் தந்துவிடுவான். ஆனால் அந்தப் பிள்ளை வேலை கிடைத்து ஜொகூருக்குப் போய்விட்டால்? அமைத்தவனுக்கு மட்டும் புரியும் கணக்கு, பூட்டிய பெட்டியின் சாவியை அவனோடு அனுப்பியது போலாகும்.

நான்காவது படி, காப்பகத்துக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். இதில் பலவகை உண்டு. மாதச் சந்தா வாங்குபவை சில. மாதம் ஐம்பது வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிறு தொகையாகத் தோன்றும். ஆண்டுக்கு அறுநூறு. ஐந்தாண்டுக்கு மூவாயிரம். மூவாயிரம் வெள்ளியில் எத்தனை மூட்டை நாய்த்தீனி என்று மிஸ்ஸியம்மா உடனே கணக்குப் போட்டுவிட்டார். வேறு சில நிறுவனங்கள் மென்பொருளை இலவசமாகத் தரும். ஆனால் அவர்கள் விற்கும் மைக்ரோசிப்பையோ காப்புறுதியையோ ஒட்டியே அந்த இலவசம் இருக்கும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் பெரியோர். மாட்டுக்கு அது பொருந்தலாம். மென்பொருளுக்குப் பொருந்தாது. இலவசமாய் வந்தாலும் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நாங்கள் ஆறு கேள்விகள் கேட்டோம். தாளும் பென்சிலும் கையிலிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, நாம் ஏற்றிய கணக்கு முழுவதையும் எந்த நாளிலும் வெளியே எடுத்து வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக முடியுமா? இரண்டு, இன்று இலவசம் என்றால் அடுத்த ஆண்டும் இலவசமா? அதை யார் எழுத்தில் தருகிறார்? மூன்று, இணையம் அறுந்துபோனால் வேலை நிற்குமா? நான்கு, பழுதுபட்டால் யாரிடம் கேட்பது? ஐந்து, கணினி அறியாத ஒருவர் அரைநாளில் கற்றுக்கொள்ள முடியுமா? ஆறு, நம் பழைய கணினியில் அது ஓடுமா?

இந்த ஆறில் முதல் கேள்வியே தலையாயது. உள்ளே விடும், வெளியே விடாது என்றால் அது கணக்கேடு அன்று, எலிப்பொறி. அந்த நிறுவனம் விலையை உயர்த்தினாலும் நாம் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு நல்ல பதில் தந்தது அனிமல் ஷெல்டர் மேனேஜர் என்ற மென்பொருள். பிரிட்டனைச் சேர்ந்த ராபின் ராசன்-டெட்லி என்பவர் எழுதத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவருவது. குனூ பொது உரிமம் என்ற ஏற்பாட்டின்படி அது வெளியிடப்பட்டுள்ளது. யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பது அந்த உரிமத்தின் சாரம். ஒரு தாயார் தம் சமையற் குறிப்பை மறைக்காமல் அண்டை வீட்டுக்கும் எழுதிக் கொடுப்பது போன்றது அது.

பிராணியின் பதிவு, ஊசி நாள், மருந்து, கூண்டு மாற்றம், தத்துக் கொடுத்தல், நன்கொடை ஆகியவை அதில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு. நாயைத் தொலைத்தவர் சொல்லும் அடையாளத்தையும், கண்டெடுத்த நாயின் அடையாளத்தையும் ஒப்பிட்டு, 'இவை இரண்டும் ஒன்றாயிருக்கலாம்' என்று அது எடுத்துக் காட்டும். அதைப் பார்த்ததும் நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். மிஸ்ஸியம்மாவுக்குக் காரணம் தெரியும்.

ஆனால் இதிலும் செலவு உண்டு. இலவச மென்பொருளை நம் கணினியிலேயே நிறுவ வேண்டும் என்றால் லினக்ஸ் அறிந்த ஒருவர் வேண்டும். லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களில் ஒன்று, அதுவும் இலவசம். நிறுவத் தெரியாதவர்கள், அந்த மென்பொருளை எழுதியவர்களிடமே கட்டணம் கட்டி, அவர்களுடைய கணினியில் வைத்து இணையத்தின் வழி பயன்படுத்தலாம். எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். எங்கள் பள்ளியில் படித்து, பின்பு போலிடெக்னிக்கில் பயின்ற பால் வெட்டுத் தொழிலாளியின் மகள் ஒருத்தி முன்வந்தாள். ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கணினியில் இரண்டு நாளில் நிறுவித் தந்தாள். அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நிறுவிய முறையை ஒவ்வொரு படியாக ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டாள். நான் கேட்காமலே அதன் இரண்டாவது பிரதியையும் என் கையில் கொடுத்தாள்.

முதல் நாளே எல்லாவற்றையும் ஏற்றிவிடவில்லை. பத்து நாய்களை மட்டும் ஏற்றி இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். தவறுகள் வெளிப்பட்டன, திருத்தினோம். பிறகுதான் மற்றவற்றை ஏற்றினோம். அதுவரை காகித அட்டைகளையும் விடவில்லை.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, மலிவு என்று திருட்டுப் பிரதி வாங்காதீர்கள். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். அத்துடன், கணினியைக் கெடுக்கும் நச்சு நிரல்கள் பலவும் அந்த வழியேதான் நுழைகின்றன. நேர்மையான இலவசம் இருக்கும்போது களவான மலிவு எதற்கு? சங்கங்களின் பதிவிலாகாவில் முறையாகப் பதிந்த அமைப்புகளுக்கு விலைச் சலுகை தரும் நிறுவனங்களும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

இரண்டாவது, பிரதி எடுத்து வையுங்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வந்தபோது மாடிவரை நீர் ஏறிய வீடுகளைக் கண்டோம். காகிதமும் கணினியும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். வெள்ளிக்கிழமைதோறும் கணக்கின் பிரதி ஒன்றை விரலியில் எடுத்து மிஸ்ஸியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

மூன்றாவது, மனிதர்களின் விவரங்களைக் காப்பாற்றுங்கள். நாயைத் தத்தெடுத்தவரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கும். அவற்றை எல்லாரும் பார்க்கும்படி விடுவது தவறு. கடவுச்சொல் போட்டு, இருவர் அல்லது மூவர் மட்டுமே திறக்கும்படி வைத்தோம்.

இப்போது காப்பகத்தில் மாலைதோறும் ஒரு பிரட்டு நடக்கிறது. நேற்று இருந்தவை, இன்று வந்தவை, இன்று போனவை. கூட்டிக் கழித்து வரும் தொகையும், கூண்டில் எண்ணிய தொகையும் ஒன்றாயிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விளக்கு அணையாது. கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள். இந்தக் கழித்தல் கணக்கை மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் செய்வான். ஆனால் அதைத் தினமும் செய்வதற்குத்தான் ஆள் வேண்டும். எந்த மென்பொருளும் கூண்டுக்கு நடந்துபோய் எண்ணாது.

நேயர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு என்று முதலில் சொன்னேன். வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் இன்றே ஒரு சிறு அட்டை எழுதுங்கள். பெயர், நிறம், தனி அடையாளம், ஊசி போட்ட நாள். முகமும் முழு உடம்பும் தெரியும்படி ஒரு நிழற்படம் கைத்தொலைபேசியில் எடுத்து வையுங்கள். ஊராட்சி மன்றத்தில் நாய்க்கு உரிமம் எடுத்து, அதன் வில்லையைக் கழுத்தில் கட்டுங்கள். வசதியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் பொருத்துங்கள். அரிசி மணியளவு உள்ள அந்தச் சிப்பில் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்கும். கழுத்துப் பட்டை அறுந்தாலும் அந்த எண் போகாது. ஆனால் அந்த எண்ணோடு உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் பதியப்பட்டிருக்க வேண்டும். வீடு மாறினால் அதையும் மாற்றுங்கள்.

பிராணி காணாமற் போனால், தொலைபேசியில் கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். நேரில் போங்கள். 'ஏட்டில் இல்லை' என்று யாரேனும் சொன்னால், "ஐயா, பின்பக்கக் கூண்டையும் ஒருமுறை காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒரு வாத்தியார் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

வீடு மாறும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய வீட்டுக்குச் சாமான்களின் பட்டியல் எழுதும்போது, அந்த வாயில்லாச் சீவனின் பெயரையும் அதில் எழுதுங்கள். கொண்டுபோக முடியாவிட்டால் யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் போகும் நாளுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கணினி கற்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரத்தை அருகிலுள்ள காப்பகத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கோ கணக்கு ஒழுங்கு செய்து தரச் சொல்லுங்கள். அவர்கள் கற்ற கல்வி அங்கே உடனே பயன் தரும். நாளைக்கு வேலைக்குப் போகும்போதும் அந்தப் பழக்கம் கை கொடுக்கும்.

எங்கள் தரவுத்தளத்தில் முதல் எண் யாருக்கு என்று கேட்டபோது, மிஸ்ஸியம்மா யோசிக்கவில்லை. எண் ஒன்று, மணி. கறுப்பு, ஆண், இடது முன்காலில் வெள்ளை. வெளியே போன நாளும் போன விதமும் எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டார் பெயர் என்ற இடத்தில் அந்தப் பையனின் பெயரை அவனே வந்து தட்டெழுதினான்.